தலக்கோனா போகும்முன்: அருவியையும் பாருங்கள், அதற்கு மேலேயும் பாருங்கள்

கேட்டிருந்த கேள்வி இது: "பெரம்பூரில் இருக்கிறோம். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் தலக்கோனா அருவிக்குப் போய் அன்றைக்கே திரும்பலாம் என்று திட்டம். 62 வயது அப்பா, பத்து வயதுப் பையன், இரண்டு நண்பர்கள் கூட வருகிறார்கள். தண்ணீர் இருக்குமா? அருவிக்கு மேலே மலை இடுக்குக்குள் போகும் ஒரு பாதையை வீடியோவில் பார்த்தோம், அதில் போகலாமா? ஆபத்து ஏதாவது உண்டா?"

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாம். அப்பாவையும் பையனையும் அருவியின் அடிவரை கூட்டிப் போகலாம், பொறுமையாக நடந்தால் போதும். ஒரே நாளில் போய்த் திரும்புவது முடிகிற காரியம்தான், ஆனால் அருவியைப் பார்த்த நேரத்தைவிட ஸ்டியரிங்கைப் பிடித்த நேரம்தான் அதிகமாக இருக்கும். வீடியோவில் பார்த்த மேல் பாதை வேண்டவே வேண்டாம். தேதியைப் பொறுத்தவரை, நவம்பரில் ஒரு ஞாயிறு என்று இப்போதே முடிவு செய்து வைப்பதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். அந்த மாதத்தில் நாள் குறிக்கும் உரிமை வங்கக் கடலுக்குத்தான் உண்டு.

இனி விவரம். தலக்கோனா இருப்பது ஆந்திராவில், ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவுக்குள். நாம் திருப்பதி மலை என்று சொல்வது சேஷாசலம் மலைத்தொடரின் ஒரு பகுதி மட்டுமே. அதற்கு மேற்கிலும் வடக்கிலும் காடும் பாறையுமாக வெகுதூரம் போகிறது. இதில் சுமார் 353 சதுர கிலோமீட்டரை 1989-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2010-ல் சேஷாசலம் முழுவதும், 4,700 சதுர கிலோமீட்டருக்கு மேல், உயிர்க்கோளக் காப்பகமாக ஆனது. ஏழுமலையான் கோயிலுக்கு வருடம் தவறாமல் போகிற சென்னைக்காரர்களில் பாதிப் பேருக்கு, மலைக்கு அந்தப் பக்கம் இப்படி ஒரு காடு இருக்கிறது என்பதே தெரியாது. அருவியின் உயரம் சுமார் 270 அடி, அதாவது 82 மீட்டர். ஆந்திராவில் இதைவிட உயரமானது இல்லை என்பார்கள். அடிவாரத்தில் சித்தேஸ்வர சுவாமி கோயில் இருக்கிறது. வண்டியை அங்கே விட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்தால் அருவியின் காலடி.

பாறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நல்லது கெட்டது எல்லாமே அதில் இருந்துதான் வருகிறது. சேஷாசலத்தின் மேல் அடுக்கு குவார்ட்சைட். 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு பழங்கடலின் கரையில் படிந்த மணல், இறுகி இறுகிக் கல்லானது. திருமலை மலைப்பாதையில் ஒரு வளைவில் இந்தக் குவார்ட்சைட் அதற்கும் பழைய கிரானைட்டின் மேல் உட்கார்ந்திருப்பதை நேரிலேயே பார்க்கலாம். இரண்டுக்கும் இடையில் சுமார் 80 கோடி ஆண்டுகளின் பதிவு காணாமல் போயிருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. பஸ் ஜன்னலில் கோவிந்தா சொல்லிக்கொண்டே அதைத் தாண்டிப் போகிறோம், அது வேறு கதை.

இந்தக் கல் உடைவது நேர்க்குத்தாக. அதனால்தான் அருவி சரிந்து வழியாமல் செங்குத்தான சுவரில் இருந்து விழுகிறது. அதே காரணத்தால் கீழே இருக்கும் பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் சுவர்தான். தண்ணீர் ஏறினால் பக்கவாட்டில் ஏறி ஒதுங்க இடம் இருக்காது, வந்த வழியேதான் திரும்பி ஓட வேண்டும். இந்தப் பாறை மழைநீரைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்வதும் இல்லை. மேலே கொட்டியதில் பெரும்பங்கு உடனே ஓடைக்கு வந்துவிடும். விரிசல்களில் இறங்கிய கொஞ்சம் தண்ணீர்தான் மழை நின்று பல நாள் கழித்தும் அருவியை நூலாகவாவது ஓட வைக்கிறது.

தண்ணீர் எப்போது இருக்கும் என்ற கேள்விக்கு வருகிறேன். அந்தப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கிறது, வடகிழக்கும் கிடைக்கிறது. ஆவணி, புரட்டாசியில் நல்ல மழை பெய்திருந்தால் அப்போதே அருவி விழும். ஆனால் பெரிய தண்ணீர் ஐப்பசி, கார்த்திகையில்தான். பொங்கல்வரை தாங்கும். மகா சிவராத்திரிக்குள் மெலிந்துவிடும், சித்திரை வெயிலில் போனால் பாறையில் ஈரக் கோடு ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாம். பள்ளி விடுமுறைக்கு மே மாதத்தில் போய்விட்டு 'ஒன்றுமே இல்லை' என்று திட்டுபவர்கள் இருக்கிறார்கள். தவறு அருவியுடையது இல்லை.

என்னைக் கேட்டால் டிசம்பர் இரண்டாம் பாதியில் இருந்து ஜனவரி நடுப்பகுதி வரை, அதாவது மார்கழிதான் சரியான நேரம். பெரிய புயல்கள் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும், வெயில் உறைக்காது. ஒரே சிக்கல், வைகுண்ட ஏகாதசியும் ஆங்கிலப் புத்தாண்டும் அதே சமயத்தில் வரும். திருப்பதியில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. அந்தத் தேதிகளைத் தள்ளிவிட்டுப் போங்கள்.

நவம்பரில்தான் போக முடியும் என்றால் ஞாயிறு எது என்று பார்க்காதீர்கள். ஒரு மழை முடிந்து மூன்று நான்கு நாள் வெயில் காய்ந்திருக்கிறதா, கடலில் அடுத்த தாழ்வு நிலை உருவாகிறதா என்று பாருங்கள். 2021 நவம்பர் 18, 19 தேதிகளில் என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். தாழ்வு மண்டலம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியது. நம் ஊரில் முட்டிவரை தண்ணீர் என்று புலம்பிக்கொண்டிருந்தோம், அதே மழை சேஷாசலத்தில் கொட்டித் தீர்த்தது. திருமலைக்கு நடந்து ஏறும் படிகளில் வெள்ளம் அருவியாக இறங்கியது. மலைக்கு அந்தப் பக்கம் செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணை உடைந்து ஊர்களே அடித்துச் செல்லப்பட்டன. மழை விட்ட பிறகும் ஆபத்து விடவில்லை. டிசம்பர் முதல் தேதி திருமலை மலைப்பாதையில் பாறைகள் சரிந்து சாலை உடைந்தது. பாறை இடுக்குகளில் ஊறிய தண்ணீர் சில நாள் கழித்தும் வேலை காட்டும் என்பதற்கு அது ஓர் உதாரணம். பெருமழை முடிந்த கையோடு அருவியின் செங்குத்துச் சுவருக்கு நேர் கீழே போய் நிற்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது முக்கியமான விஷயம். மலை இடுக்கில் நிற்கும்போது உங்கள் தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கிறதா என்பது ஒரு பொருட்டே இல்லை. உங்களை நோக்கி வரும் தண்ணீர் வேறு எங்கோ பெய்த மழை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததை நாம் எல்லோருமே செல்போனில் பார்த்தோம். ஜனங்கள் சாவகாசமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். மேலே மலையில் பெய்த கோடை மழை திடீரென்று இறங்கியது, படிகளில் ஓடி ஏறியவர்கள் தப்பினார்கள், 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். குற்றாலத்தில் படி உண்டு, கைப்பிடி உண்டு, காவலர் உண்டு, விளக்குகூட உண்டு. தலக்கோனாவின் உட்பகுதிகளில் இதில் எதுவும் இல்லை.

வெள்ளம் வரும்முன் ஓடை சில அடையாளங்களைக் காட்டும். எல்லா நேரமும் காட்டாது, காட்டினால் கவனிக்க வேண்டும். தெளிந்த தண்ணீர் லேசாகக் கலங்கி டீ நிறத்துக்கு வரும். அதுவரை இல்லாத சருகும் சுள்ளியும் நுரையும் மிதந்து வரும். மண் வாசனை அடிக்கும். அருவியின் ஓசை கனத்துவிடும், பேசிக்கொண்டிருக்கும் நீங்களே அறியாமல் குரலை உயர்த்துவீர்கள். சில சமயம் இதற்கு நேர்மாறாக ஓடையில் தண்ணீர் திடீரென்று குறையும். மேலே மரமோ மண்ணோ சரிந்து அடைத்திருக்கலாம், அது உடையும்போது மொத்தமாக வரும். இதில் எது தெரிந்தாலும் பையை எடு, செருப்பைத் தேடு என்று நிற்கக் கூடாது. பையனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். ஐந்து நிமிடம் கழித்து ஒன்றுமே வரவில்லை என்றால் நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

கிளம்பும்முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சென்னையில் இருந்து தலக்கோனா நேர்கோட்டில் 140 கிலோமீட்டர் அளவில்தான். வானிலை ஆய்வு மையத்தின் சென்னை ரேடார் படத்திலும் ஸ்ரீஹரிகோட்டா ரேடார் படத்திலும் சேஷாசலம் வந்துவிடும். புயல் நாளில் நம் ஊரில் ஆளாளுக்குப் பார்க்கிற அதே படம்தான். முதல் நாள் இரவும் அன்று காலையும் திருப்பதிக்கு வடமேற்கே கனமழையைக் காட்டும் மஞ்சளும் சிவப்பும் திரண்டிருக்கிறதா என்று பாருங்கள். திருப்பதி ஊருக்குள் காய்ந்து கிடப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். திருப்பதியில் இருந்து போகும் வழியில் வரும் பாகராபேட்டை தாண்டியதும் பார்த்துவிடுங்கள், அதற்கு மேல் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. அடிவாரத்துக் கடையில் "அண்ணா, நீள்ளு உன்னாயா?" என்று கேட்டால் பாதித் தமிழிலேயே பதில் வரும். தண்ணீர் இருக்கிறதா என்பதோடு நேற்று ராத்திரி மலையில் மழையா என்பதையும் கேளுங்கள். அங்கே தேங்காய் விற்கிற அம்மாவின் பதிலை எந்தச் செயலியையும்விட நான் நம்புவேன்.

வெள்ளத்தைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். சென்னையைச் சுற்றியுள்ள மலை ஓடைகளில் உயிர் போவது பெரும்பாலும் வெள்ளத்தால் இல்லை, நடந்து களைத்து விழுவதாலும் இல்லை. அமைதியாக இருக்கும் மடுக்களில்தான். தடா என்று நாம் சொல்லும் உப்பலமடுகு, நாகலாபுரம், தலக்கோனா எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சூழல் எப்படி அமைகிறது பாருங்கள். வேர்க்க வேர்க்க ஒரு மணி நேரம் நடந்து வருகிறோம். பச்சைக் கண்ணாடி மாதிரி ஒரு மடு. அடியில் கூழாங்கல் தெரிகிறது. நாலடிதான் இருக்கும் போல என்று தோன்றுகிறது. தெளிந்த தண்ணீர் ஆழத்தைக் குறைத்துத்தான் காட்டும். கரையில் இருந்து இரண்டு எட்டு வைத்தால் பாறை சட்டென்று முடிந்து பத்துப் பன்னிரண்டு அடி இறங்கிவிடும். வெளியே 30 டிகிரி, அந்தத் தண்ணீரோ வெயிலே படாத குளிர்ச்சி. உள்ளே விழுந்ததும் மூச்சு தானாக இழுக்கும், அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. நீச்சல் குளத்தில் நாலு சுற்று அடிப்பவர்களும் இதில் தவறிப் போயிருக்கிறார்கள்.

இன்னொன்று, குதிப்பது. தலக்கோனாவில் மேலிருந்து தலைகீழாகக் குதித்து, நீருக்கடியில் பாறை இடுக்கில் சிக்கி ஒரு கல்லூரி மாணவர் இறந்திருக்கிறார். நீருக்குள் இருக்கும் பாறைகள் வட்டக் கற்கள் இல்லை, உடைந்து விழுந்த பலகைகள். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து இடையில் சந்து விட்டிருக்கும். நண்பர்கள் இருவரில் யாருக்காவது ரீல்ஸ் பழக்கம் இருந்தால் அவர்மேல் ஒரு கண் வையுங்கள். அருவிக்கு நேர் அடியிலும் நிற்க வேண்டாம், 270 அடியில் இருந்து சின்னக் கல் விழுந்தாலும் தலை தாங்காது. வனத்துறை குளிக்க விடுகிற இடத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், பையன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கக் குளியுங்கள். அதற்கே சுகம் போதும் போதும் என்றிருக்கும்.

வழுக்கலைப் பற்றி ஒரு வார்த்தை. பாசி பச்சையாக இருந்தால் எல்லோரும் பார்த்துக் காலை வைப்பார்கள். ஆளைத் தள்ளுவது கறுப்பாக, காய்ந்தது போலத் தெரிகிற மெல்லிய படலம். அடிபடுவது பெரும்பாலும் திரும்பி இறங்கும்போது. அப்பாவுக்கு ஊன்றுகோலாக ஒரு கம்பு வாங்கிக் கொடுங்கள், வேண்டாம் என்பார், இறங்கும்போது அவரே கேட்பார். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காலைக் கட்டிப் போடும். தேய்ந்த வார்ச்செருப்பும் வேண்டாம்.

அந்த மேல் பாதைக்கு வருகிறேன். வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கு மூன்று காரணங்கள் உண்டு, அதில் பாறை ஒன்றுதான்.

முதலாவது, அது தேசியப் பூங்கா. அனுமதித்த பாதையை விட்டு உள்ளே போவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீடியோ போட்டவர் அனுமதியோடு போனாரா என்பது வீடியோவில் தெரியாது.

இரண்டாவது, செம்மரம். உலகத்திலேயே இயற்கையாக இந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்பகுதியில் மட்டும் வளர்கிற மரம். பாதையோரத்திலேயே பார்க்கலாம். பட்டை முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும், நடுவில் தடித்து ஓரம் இறக்கையாக விரிந்த வட்டக் காய்கள் கீழே கிடக்கும். அதைக் கடத்துவதைத் தடுக்க ஆந்திராவில் தனி அதிரடிப் படையே உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று இதே சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தர்மபுரி உள்ளிட்ட மாவட்டங்களில் இருந்து மரம் வெட்டும் கூலிக்குப் போனதாகச் சொல்லப்பட்ட தமிழர்கள் அவர்கள். அந்த வழக்கின் நியாய அநியாயம் தனிக் கதை. உங்களுக்கு இதில் சம்பந்தம் என்ன என்றால், தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியில் வந்த நாலு ஆண்கள் காட்டுக்குள் பாதை இல்லாத இடத்தில் திரிவதை அங்கே யாரும் சுற்றுலாவாக மட்டும் பார்க்க மாட்டார்கள். சோதனைச் சாவடியில் நிறுத்தினால் பதில் சொல்லிவிட்டுப் போங்கள், அடையாள அட்டையைக் கையில் வையுங்கள்.

மூன்றாவது, மிருகங்கள். 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் சிறுத்தை ஒரு சிறுமியைக் கொன்றது. ஆயிரக்கணக்கான பேர் நடக்கும், விளக்கு போட்ட பாதை அது. 2025 சிவராத்திரியை ஒட்டி, மலையின் கிழக்குப் பக்கம் குண்டாலகோனை அருகே காட்டு வழியாகக் கோயிலுக்கு இரவில் நடந்த பக்தர்களை யானைக் கூட்டம் தாக்கிச் சிலர் இறந்தார்கள். பகலில் அருவிப் பாதையில் இந்தப் பயம் பெரிதாக வேண்டாம், அங்கே உங்கள் எதிரி குரங்குதான். பிளாஸ்டிக் பை சரசரக்கும் சத்தம் கேட்டாலே மரத்தில் இருந்து இறங்கிவிடும். பையன் கையில் சிப்ஸ் பாக்கெட்டைக் கொடுத்தீர்கள் என்றால் அது அவனுக்கு இல்லை. புளியோதரையைப் பைக்குள்ளேயே பத்திரமாக வைத்து, வண்டிக்குத் திரும்பியதும் சாப்பிடுங்கள்.

மலை இடுக்குக்குள் நடந்துதான் ஆக வேண்டும் என்று நண்பர்களுக்கு ஆசை இருந்தால் அதற்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறது: தும்புரு தீர்த்தம். திருமலையில் பாபவிநாசம் தாண்டிக் காட்டுக்குள் சில கிலோமீட்டர். மலையையே யாரோ கத்தியால் கீறியதுபோல இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், நடுவில் தண்ணீர், கோடியில் தீர்த்தம். வருடத்தில் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டித் திருமலை தேவஸ்தானம் அந்தப் பாதையைத் திறந்துவிடும். அன்னதானம், மோர், மருத்துவக் குழு எல்லாம் வைப்பார்கள், ஊரே திரண்டு போகும். இதய நோய், ஆஸ்துமா, அதிக எடை உள்ளவர்கள் வர வேண்டாம் என்று அவர்களே அறிவிப்பார்கள். ஆகவே அப்பா அதற்கு வேண்டாம். கூட்டத்தோடு கூட்டமாகப் போவதில் தனிமை இருக்காதுதான். ஆனால் சட்டப்படி, துணையோடு, சேஷாசலத்தின் உண்மையான மலைப் பிளவு ஒன்றுக்குள் நடந்து போக அதைவிட நல்ல வாய்ப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

பங்குனியில் காட்டுக்குள் போனால் தீயை மறக்காதீர்கள். புல் காய்ந்து கிடக்கும் காலம். 2014 மார்ச்சில் சேஷாசலம் எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் வந்துதான் அணைக்க முடிந்தது. 2018 மார்ச் 11 குரங்கணியில் தீக்குள் சிக்கிய மலையேற்றக் குழுக்களில் சென்னையில் இருந்து போனவர்களும் இருந்தார்கள். தீ மேட்டை நோக்கி வேகமாக ஓடும், குறுகிய பள்ளம் அதற்குப் புகைபோக்கி. பீடி, சிகரெட், அடுப்பு எதுவுமே கூடாது.

சரி, பயமுறுத்தியது போதும். தலக்கோனாவில் பார்க்க அருவி மட்டும் இல்லை. பாதையோரம் மரங்களைப் பின்னிக்கொண்டு போகும் பிரம்மாண்டமான கொடி ஒன்று உண்டு, தெலுங்கில் கில்லத் தீகை என்பார்கள். ஆள் இடுப்பு கனத்துக்கு முறுக்கிக்கொண்டு, எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும். அதன் காய் வாள் போல நீண்டிருக்கும், உள்ளே விதை ஒவ்வொன்றும் சுமார் இரண்டு அங்குல அகலம். பையன் ஒன்றை எடுத்துப் பையில் போடப் பார்ப்பான், பூங்காவில் இருந்து எதையும் எடுத்து வரக் கூடாது. ஈரம் கசியும் பாறை இடுக்குகளில் டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளைப் பொட்டுக்களாக முட்டைகள் கொத்தாக ஒட்டியிருப்பது சில சமயம் கண்ணில் படும். தங்கப் பல்லியின் முட்டைகள் அவை. பல பெண் பல்லிகள் ஒரே சுவரில் வந்து ஒட்டிவிட்டுப் போகும். ஆண் பல்லி மஞ்சள் தடவியது போல இருக்கும், ஆனால் அது இரவில் நடமாடுவது, பகலில் தலைகாட்டினால் உங்கள் அதிர்ஷ்டம். கிழக்குத் தொடர்ச்சி மலையில்தான் இந்த இனம் வாழ்கிறது. மலை அணில் உண்டு, தேவாங்கு உண்டு. மரங்களின் தலைமட்டத்தில் கயிற்றுப் பாலம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். திறந்திருந்தால் பையனுக்கு அருவியைவிட அதுதான் பிடிக்கும்.

வழி. பெரம்பூரில் இருந்து செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், பிச்சாட்டூர், புத்தூர் வழியாகத் திருப்பதி போகலாம். திருவள்ளூர், திருத்தணி, நகரி வழியும் புத்தூரில் வந்து சேரும். ஊத்துக்கோட்டை தாண்டியதும் சுருட்டப்பள்ளியில் சிவன் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கிறார், அப்பாவுக்கு விருப்பம் இருந்தால் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். புத்தூர் எதற்குப் பேர் போனது என்று உங்களுக்கே தெரியும். திரும்பும் வழியில் அந்த எலும்பு முறிவுக் கட்டு போட வேண்டி வராதபடி இறங்குங்கள். சென்னையில் இருந்து திருப்பதிக்கு மூன்று, மூன்றரை மணி நேரம். அங்கிருந்து சந்திரகிரி, ரங்கம்பேட்டை, பாகராபேட்டை, நெரபைலு வழியாகத் தலக்கோனாவுக்கு ஒன்றரை மணி. ஆக ஒரு வழிக்கே ஐந்து மணி நேரம். காலை நாலு மணிக்குக் கிளம்பினாலும் நடக்கத் தொடங்கும்போது பத்தாகிவிடும்.

ஒரே நாள் பயணத்தை நான் விரும்பாததற்குக் காரணம் அலுப்பு மட்டும் இல்லை. திரும்பும் நேரத்தில் பாகராபேட்டை மலைச் சாலை இருக்கிறது. 2022 மார்ச்சில் நிச்சயதார்த்தத்துக்குப் போன பேருந்து ஒன்று இரவில் அங்கேதான் பள்ளத்தில் விழுந்தது. குளித்துச் சாப்பிட்ட பிறகு வரும் தூக்கத்தோடு, இருட்டில், அந்த வளைவுகளில் ஓட்டுவது நல்ல யோசனை இல்லை. பள்ளத்தாக்குக்குள் வெயில் சீக்கிரம் மறைந்துவிடும். மூன்று மணிக்கு அருவியை விட்டு இறங்கத் தொடங்கினால் வெளிச்சத்திலேயே அந்தச் சாலையைத் தாண்டலாம். எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் இந்த மூன்று மணியை மாற்றாதீர்கள்.

சனிக்கிழமை மதியம் கிளம்பித் திருப்பதியில் தங்கி, ஞாயிறு விடியற்காலை தலக்கோனா போவதுதான் என் யோசனை. எட்டு மணிக்கு முன்னால் அங்கே இருந்தால் கூட்டம் வரும்முன் அருவி உங்களுக்கே. அடிவாரத்திலேயே வனத்துறையின் விடுதியும் ஆந்திர சுற்றுலாத் துறையின் விடுதியும் உண்டு, முன்பதிவு செய்யாமல் போக வேண்டாம். மழை எச்சரிக்கை இருந்தால் பாதையையே மூடிவிடுவார்கள், அதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். கார் இல்லாமல் வருபவர்களுக்கு மாதவரம் பேருந்து நிலையத்தில் இருந்து திருப்பதிக்கு வண்டி இருக்கிறது, சென்ட்ரலில் இருந்து ரயிலும் உண்டு. திருப்பதியில் இருந்து தலக்கோனா பக்கம் அரசுப் பேருந்து குறைவு, திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்காமல் ஏறாதீர்கள். யாருக்காவது அடிபட்டாலோ பாம்பு கடித்தாலோ நெரபைலுவில் நேரம் போக்காமல் நேராகத் திருப்பதி ரூயா மருத்துவமனை. 108 ஆந்திராவிலும் அதே எண்தான்.

திரும்பும்போது பொழுதிருந்தால் சந்திரகிரிக் கோட்டையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். விஜயநகர அரசர்களின் பிற்காலத் தலைநகரம் அது. 1639-ல் நம் ஊரின் கடற்கரை மணலை ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்த தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் அந்த விஜயநகர அரசருக்குக் கீழ்தான் இருந்தார். ராஜ மகாலுக்குள் இருக்கும் தொல்லியல் துறை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிறு திறந்திருக்கும், ஐந்து மணிக்குள் போய்விடுங்கள்.